கேள்வி – பதில்: கடை வாசலில் நின்ற எழுத்துகள்

திருகோணமலை நகரத்தின் பழைய கடைமுகப்பு ஒன்றின் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டு, அதன் பெயர்ப்பலகையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதி. அவற்றுட் பெரும்பாலானவை 1950களிலும் 1960களிலும் எழுதப்பட்ட பலகைகளைப் பற்றியவை. ஆதலால் இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் தம்பியின் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் இருக்கும் ஊரில் 1950களில் கட்டப்பட்ட கடைத்தொகுதி ஒன்றை இடிக்கப்போகிறார்களாம். கட்டடம் போகட்டும், அதன் முன்னால் நிற்கும் உயரமான பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஊரவர்கள் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம். ஒரு விளம்பரத்துக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை

பதில்: ஐயா, அந்தப் பலகை ஏன் அவ்வளவு உயரமாக நிறுத்தப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். நமது பிரதான வீதியில் கடைகள் தெருவை ஒட்டியே நிற்கின்றன. நடந்து வருபவர் பத்தடி தூரத்தில் நின்று பெயரை வாசித்துவிடலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் புறநகர்களில் எழுந்த கடைத்தொகுதிகளோ, பரந்த வாகனத் தரிப்பிடங்களுக்கு அப்பால், வீதியிலிருந்து வெகுவாகத் தள்ளி நின்றன. சியாற்றில் நகரின் நோர்த்கேற் 1950இலும், முழுவதும் கூரையிட்டு மூடப்பட்ட முதலாவது பெருந்தொகுதியாகிய மினசோற்றா மாநிலத்துச் சவுத்டேல் 1956இலும் திறக்கப்பட்டன. கடைகள் எளிய பெட்டி போன்ற கட்டடங்களாக இருந்தமையால், விரைந்து செல்லும் காரோட்டியின் கண்ணைச் சில விநாடிகளுக்குள் பிடித்து உள்ளே திருப்பும் பொறுப்பு வீதியோரப் பலகையின் தலையில் விழுந்தது. இரும்புத் தூண், வளைந்த அம்பு, வெடித்துச் சிதறும் நட்சத்திரம், ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனித் தகரப் பெட்டி, அதன் விளிம்பைத் தொடர்ந்து ஓடும் நியோன் வாயு விளக்குக் குழாய் என்று கட்டடத்தில் காட்டப்படாத கைவண்ணம் எல்லாம் பலகையில் வந்து சேர்ந்தது.

அவை அழிந்த விதத்தையும் நாம் அறிந்துகொள்வது நல்லது. நியோன் குழாயைக் கைவினைஞர் ஒருவர் நெருப்பில் வாட்டித் தம் கையாலேயே வளைக்க வேண்டும். உள்ளே மின்குழாய் வைத்த பிளாஸ்ரிக் பெட்டிப் பலகைகள் 1950களிலிருந்து பரவியபோது, மலிவு காரணமாக வணிகர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்தனர். 1965ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை அழகூட்டற் சட்டம் பெருந்தெருவோர விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தியது. கடையின் சொந்த வளவில் நின்ற பலகைகளைப் பொறுத்தவரை, உயரத்துக்கும் பரப்புக்கும் எல்லை வகுத்து நகர சபைகள் தனித்தனியே விதி செய்தன. விதிக்கு முந்திய பலகை நின்ற நிலையில் நிற்கலாம், ஆனால் திருத்துவதற்காகக் கழற்றினால் மீண்டும் ஏற்ற முடியாது என்பது பல ஊர்களின் நடைமுறையாக இருந்தது. இதனால் பலகைமேல் அன்பு கொண்ட கடைக்காரர்கூட அதைத் திருத்த அஞ்சித் துருப்பிடிக்க விட்டார். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட விதியொன்று, காக்க வேண்டியதையும் சேர்த்து அழித்ததற்கு இது ஒரு தெளிவான சான்று என்றே நான் கருதுகிறேன். அரிசோனா மாநிலத்தின் ரூசன் நகரம் 2011இல் இக்குறையைப் போக்க விதியைத் திருத்தி, வரலாற்றுப் பெறுமதியுள்ள பலகைகளைக் கழற்றிச் செப்பனிட்டு மீண்டும் நிறுத்த வழி செய்தது.

மக்கள் எதிர்த்து நின்று காத்த பலகையும் உண்டு. பொஸ்ரன் நகரில் 1965இல் எழுந்த சிற்கோ எண்ணெய் நிறுவனப் பலகை ஒரு பக்கத்துக்கு 60 அடியாக அமைந்த பெருஞ்சதுரம். எரிபொருள் நெருக்கடியின்போது, 1979இல், அதன் விளக்குகள் அணைக்கப்பட்டன. 1983இல் அதைக் கழற்ற முற்பட்டபோது நகரத்தவர் திரண்டு தடுத்தனர். அதே ஆண்டு அது மீண்டும் ஒளியேற்றப்பட்டது. அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்காகப் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் நாள்தோறும் கண்ட அடையாளத்துக்காகப் பேசினார்கள். நமது ஊரிலும் மூடி இருபது ஆண்டுகளான கடையின் பெயரைச் சொல்லி, அந்தச் சந்தியால் திரும்பு என்று வழி காட்டுகிறோம் அல்லவா? தங்கள் தம்பி மகளின் ஊரவர்கள் கேட்பதும் அந்தச் சந்தியைத்தான்.

கேள்வி: கிண்ணியாத் துறையடியில் எங்கள் மூத்தவாப்பா தேநீர்க்கடை வைத்திருந்தார். 2009இல் பாலம் திறந்த பின்னர் துறையில் ஆள் நடமாட்டம் போய்விட்டது, கடையையும் மூடிவிட்டோம். கடை வாசலில் மாட்டியிருந்த தேயிலை விளம்பரத் தகடு, நீலமும் வெள்ளையுமான பீங்கான் பூச்சுடையது, எங்களிடம் இருக்கிறது. சுனாமித் தண்ணீரிலும் கிடந்தது. ஓரமெல்லாம் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுத் தீந்தை பூசி, வீட்டு முன்விறாந்தையில் மாட்டலாம் என்று வாப்பா சொல்கிறார். செய்யலாமா? – வாசகி, கிண்ணியா

பதில்: தேய்க்க வேண்டாம், பூசவும் வேண்டாம் என்று வாப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள் மகளே. அந்தத் தகட்டின் மேலிருப்பது தீந்தை அன்று, அது கண்ணாடி. இரும்புத் தகட்டின்மீது கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை உலைக்குள் போய் வந்திருக்கும். அதனால்தான் இத்தனை ஆண்டு வெயிலில் நின்றும் நீலம் வெளுக்கவில்லை. உப்புத்தாள் பட்டால் கண்ணாடியின் மினுக்கம் போய்விடும். போனால் எந்தத் தீந்தையாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அதன் பகைவன் ஒன்றே: ஓரத்திலும் ஆணித் துளையைச் சுற்றியும் கண்ணாடி உடைந்து இரும்பு வெளித் தெரிந்த இடம். அங்கே உப்பும் ஈரமும் புகுந்தால், துரு கண்ணாடியின் அடியால் ஊர்ந்து, பருத்து, மேலுள்ள பூச்சைச் செதில் செதிலாகக் கிளப்பும். நமது கரையில் வாடைக் காற்று மழையைக் கொண்டுவந்து அறைகிறது. கச்சான் காற்றுக் காலத்தில் எல்லாம் காய்ந்து, உப்பு மட்டும் படிந்து நிற்கிறது. ஈரமும் காய்ச்சலும் இப்படி மாறி மாறி வருவது இரும்புக்கு மிகக் கேடு. கடல்நீரிலும் கிடந்த தகடு என்கிறீர்கள். ஆகவே முதல் வேலை உப்பை வெளியேற்றுவதுதான்.

கிணற்று நீரில் கழுவ வேண்டாம், கரையோரக் கிணறுகளில் உப்புண்டு. சேமித்த மழைநீரோ, வாகன மின்கலத்துக்கு ஊற்றும் வடித்த நீரோ எடுத்து, மென்மையான சவர்க்காரம் சில துளிகள் கலந்து, பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். இரும்பு நார், சாம்பல், புளி, தேசிக்காய் எதுவும் கூடாது. பித்தளை விளக்கைத் துலக்கும் பழக்கத்தில் நம் வீட்டுப் பெண்கள் புளியை எடுத்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். கழிவறைத் தொட்டி கழுவும் அமில நீரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சவர்க்காரம் நீங்கும்வரை நல்ல நீரால் பலமுறை அலசி, வெயிலில் அன்றி நிழலிற் காற்றாட உலர்த்த வேண்டும்.

பின்னர், இரும்பு வெளித் தெரியும் இடங்களில் மட்டும், உதிரும் துருவை மரக் குச்சியால் மெதுவாகத் தட்டி நீக்கி, தனின் அமிலக் கரைசலை மெல்லிய தூரிகையால் தடவலாம். தேயிலைக்கும் கடுக்காய்க்கும் துவர்ப்பைத் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பான உறுதியான படலமாக மாறி, மேலும் அரிப்பதைத் தடுக்கும். கறுத்த அடையாளம் நிற்கும், நிற்கட்டும். நன்றாக உலர்ந்த பின்னர் தகடு முழுவதும், முதுகுப்புறம் உட்பட, தேய்க்கும் தூள் கலவாத தெளிந்த மெழுகைப் பூசித் துணியால் மினுக்குங்கள். ஆண்டுக்கொரு முறை, மாரி தொடங்குமுன், மெழுகை மட்டும் புதுப்பித்தாற் போதும்.

மாட்டுவதிலும் கவனம் வேண்டும். பித்தளைத் திருகாணி அழகாக இருக்கும். ஆனால் உப்புக் காற்றில் பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவாக அரிக்கும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் திருகாணியை, உலோகம் உலோகத்தைத் தொடாதபடி இறப்பர் வளையமிட்டுப் பொருத்துங்கள். இறுக்கி முறுக்கினால் துளையைச் சுற்றிக் கண்ணாடி வெடிக்கும். ஆகவே சற்றுத் தளர்வாகவே விடுங்கள். சுவருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும், காற்றோட்டத்துக்காக. முன்விறாந்தை கடலைப் பார்த்திருந்தால் உட்சுவரே நல்லது.

துறையடியில் அந்தத் தகடு எந்தப் பக்கத்தைப் பார்த்து மாட்டப்பட்டிருந்தது, கரையிலிருந்தவர்களையா பாதைப் படகிலிருந்து இறங்கியவர்களையா என்று வாப்பாவிடம் கேட்டு எழுதி, தகட்டின் பின்புறத்தில் ஓர் உறையில் இட்டு வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலரே இருப்பார்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் எங்கள் கடையின் பழைய தகட்டுக்கு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். விற்கலாமா? – வர்த்தகர், மத்திய வீதி

பதில்: பொருள் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. தேவை இருப்பவரிடம் விற்காதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் பெருநிறுவனத்தின் பண்டத்தை விளம்பரம் செய்யும் தகடும், உங்கள் கடையின் பெயரை ஏந்திய பலகையும் ஒன்றல்ல. முதலாவது ஆயிரக்கணக்கில் அச்சாகி இலங்கை முழுவதும் போனது. இரண்டாவது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. கொழும்புத் தேநீரகம் ஒன்றின் சுவரில் அது அலங்காரமாக மட்டுமே இருக்கும். விற்பதாயின் முதலாவதை விற்று, இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பலகைகளில் ஆண்டு எழுதப்பட்டிருப்பதில்லை. அது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழியுண்டா? – உயர்தர மாணவன், திருக்கடலூர்

பதில்: உண்டு, தம்பி. பலகை தன் வயதை ஒரு வாயாற் சொல்லாது, பல வாயாற் சொல்லும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் நுட்பம் இருக்கிறது.

முதலில் எழுத்தைப் பார். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போல முன்னால் மேலெழுந்து வளையும் கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றிலும், அவற்றையொட்டிய ஒகர ஓகார வரிசைகளிலும் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்தது. திருகோணமலை என்ற நமது ஊர்ப்பெயரிலேயே அந்த ‘லை’ இருப்பதால், ஊர்ப்பெயர் எழுதிய ஒவ்வொரு பலகையும் உனக்கு ஒரு சான்று. ஆனால் எச்சரிக்கை: இலங்கையில் அச்சகங்களும் பலகை எழுதுவோரும் அம்மாற்றத்தை உடனே ஏற்கவில்லை. எனவே பழைய ‘லை’ இருப்பதால் மட்டும் 1978க்கு முந்தியது என்று முடிவு கட்டாதே. புதிய ‘லை’ இருந்தால் பெரும்பாலும் பிந்தியது எனலாம். அங்கும் ஒரு விலக்குண்டு, பெரியார் ஈ.வெ.ரா. தம் இதழில் 1935 முதலே புதிய வடிவங்களைக் கையாண்டார்.

அடுத்தது நாட்டின் பெயர். ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்தால் 1972 மே 22இல் குடியரசாகுமுன் எழுதியதாக இருக்கலாம். பழகிய பெயரை விடாத வணிகரும் இருந்தமையால் இதையும் வேறொன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்களின் சின்னங்கள் இதைவிட உறுதியானவை. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்து, 1964 முதல் விற்பனை முழுவதும் அதன் கைக்குப் போய்விட்டது. ஆகவே ஷெல் சிப்பியோ கல்ரெக்ஸ் நட்சத்திரமோ கொண்ட பழைய எரிபொருள் நிலையத் தகடு அதற்கு முந்தியதுதான். தொலைபேசி எண் இரண்டு மூன்று இலக்கத்தோடு நின்றால் அதுவும் முதுமையின் அடையாளம்.

மொழிகளின் வரிசையும் பேசும். 1957 ஒக்ரோபர் 15இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, துறைமுகத்தை அண்டிய தையற்கடைக்கும் படப்பிடிப்பு நிலையத்துக்கும் கடற்படையினர் வாடிக்கையாளர்கள். அப்படிப்பட்ட கடையில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் இருப்பது இயல்பு. மூன்று மொழிகளும் ஒழுங்காக அடுக்கப்பட்ட பலகை, பெரும்பாலும் தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறிய காலத்துக்குப் பிந்தியது. இறுதியாக, ‘ஸ்ரோர்ஸ்’, ‘கொம்பனி’, ‘ஸ்ரூடியோ’ என்ற எழுத்துக்கூட்டலைக் கவனி. ‘ஸ்டோர்ஸ்’, ‘கம்பெனி’ என்று மாறியிருந்தால் அதை எழுதியவர் இந்தியச் சஞ்சிகை வாசிப்பவராகவோ இந்தியத் தொழிலாளியாகவோ இருந்திருக்கலாம். காலத்தோடு கையையும் கண்டுபிடிக்கலாம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

கேள்வி: மூடிப்போன படமாளிகை ஒன்றின் கூரையிலிருந்து இறக்கிய நியோன் எழுத்து ஒன்று என்னிடம் உள்ளது. கண்ணாடிக் குழாய் உடையவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அது எரியுமா? – வாசகர், உப்புவெளி

பதில்: எரியக்கூடும். நியோன் குழாயில் எரிந்து தீரும் இழை எதுவும் இல்லை. காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிதளவு வாயுவை நிரப்பி, இரு முனையிலும் மின்வாயைப் பொருத்தி அடைத்திருக்கிறார்கள். 1898இல் கண்டறியப்பட்ட நியோன் வாயுவை, 1910இல் பாரிஸில் ஜோர்ஜ் குளோட் ஒளிவிளக்காக மக்களுக்குக் காட்டினார். அடைப்பு உடையாதவரை வாயு உள்ளேயே இருக்கும். செம்மஞ்சளாக எரிவது நியோன். நீலமாக எரிவது ஆர்கனோடு சேர்ந்த பாதரசம். வேறு நிறங்கள் கண்ணாடியின் உட்பூச்சாலோ கண்ணாடியின் நிறத்தாலோ வருபவை.

ஆயினும் தாங்களாக மின்னிணைப்புக் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அதற்குரிய மின்மாற்றி 15,000 வோல்ற் வரை தரக்கூடியது; பழைய மின்மாற்றியின் காப்பு உக்கிப்போயிருக்கும். பயிற்சி பெற்றவரைக்கொண்டு புதிய மின்மாற்றியோடு சோதிப்பியுங்கள். குழாயினுள் சிறு வெள்ளி மணி போல ஏதேனும் உருண்டால் அது பாதரசம். உடையாமற் பஞ்சில் பொதிந்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழாய் எரியாவிட்டாலும் அதைத் தாங்கும் தகரப் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். எழுத்தின் வடிவம் பெட்டியில்தான் இருக்கிறது. அந்த வடிவத்தில் எல்.ஈ.டி. பட்டியைப் பதித்தும் ஒளியேற்றலாம். நியோனின் ஒளி அதில் வராது என்பது உண்மை. இருந்தாலும் எழுத்து நிற்கும்.

கேள்வி: இப்படிப்பட்ட பலகைகளைக் காக்க நமது நாட்டில் சட்டம் இல்லையா? – சட்டத்தரணி ஒருவர், திருகோணமலை

பதில்: தாங்கள் அறியாததல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முந்திய பொருள்களை மையமாகக் கொண்டது. 1955இல் எழுதிய தகரப் பலகை அதன் கைக்கு எட்டாது. அமெரிக்காவிலோ தேசியப் பூங்காச் சேவை 1991இலேயே பழைய பலகைகளைப் பேணுவதற்கெனத் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. 1959இல் எழுந்த லாஸ் வேகாஸ் வரவேற்புப் பலகை 2009இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இங்கு சட்டத்துக்காகக் காத்திருந்தால் பலகை மிஞ்சாது. உள்ளூராட்சி மன்றம் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றுண்டு: புதிய பலகைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு, அகற்றப்படவிருக்கும் பழைய பலகையின் படம் ஒன்றையும் இணைக்கும்படி கேட்கலாம். அதற்குச் செலவு இல்லை. பத்து ஆண்டில் நகரத்தின் முழுப் பதிவேடும் கோப்பில் சேர்ந்துவிடும். தாங்கள் இதை எழுத்தில் முன்வைத்தால் இப்பகுதியும் துணைநிற்கும்.

கேள்வி: எங்கள் கடையின் முகப்பில், கூரை மறைப்புச் சுவரில், அப்பப்பாவின் பெயரும் ஆண்டும் சீமெந்தால் புடைப்பாக எழுதப்பட்டுள்ளன. முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடப்போகிறோம். எழுத்துகள் தடையாக இருக்கும், கொத்தி எடுத்துவிடுவோம் என்கிறார் மேசன். அமெரிக்காவில் செய்வது போல அவற்றை வெட்டி எடுத்து நூதனசாலைக்குக் கொடுக்கலாமா? – வர்த்தகர், பிரதான வீதி

பதில்: வெட்டி எடுக்க முடியாது, அவை சுவரின் சாந்தோடு சாந்தாக வார்க்கப்பட்டவை, உளி பட்டால் தூளாகும். லாஸ் வேகாஸில் 1996இல் தொடங்கிய நியோன் நூதனசாலையும், சின்சினாற்றியில் 2005இல் திறக்கப்பட்ட அமெரிக்கப் பலகை நூதனசாலையும் காப்பவை கழற்றி ஏற்றக்கூடிய பலகைகள். இடிப்புக்காரரின் கையிலிருந்து அவற்றை மீட்டது பெரும் தொண்டு. எனினும் நூறு பலகைகள் ஒரே முற்றத்தில் நிற்கும்போது ஒவ்வொன்றும் தன் தெருவை இழந்துதான் நிற்கிறது. தங்கள் எழுத்துகளுக்கு அந்த இழப்பு வேண்டியதில்லை.

கொத்தாமலே மூடலாம். அலுமினியத் தகட்டை எப்படியும் இரும்புச் சட்டகத்தில்தான் பொருத்துவார்கள். அந்தச் சட்டகத்தை எழுத்தின் புடைப்பைவிட ஓரிரு அங்குலம் முன்தள்ளி அமைத்தால், தகட்டின் பின்னால் எழுத்துகள் முழுதாக இருக்கும்; எழுத்தின்மேல் ஆணி துளைக்காமல் மேலும் கீழும் மட்டும் துளைக்கச் சொல்லுங்கள். மழைநீர் பின்னால் தேங்காமல் வடிய அடியில் வழி விட வேண்டும். தங்கள் பேரப்பிள்ளைகள் ஒருநாள் தகட்டைக் கழற்றினால் பெயர் அங்கே இருக்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் உண்டு. மறைப்புச் சுவரை மூடாமல் விட்டு, தகட்டை அதற்குக் கீழே நிறுத்தி, எழுத்துகளுக்கு நிறம் மட்டும் பூசுங்கள். தகட்டுச் செலவிலும் ஒரு பகுதி மிஞ்சும். ஒரே தகட்டு முகத்தோடு வரிசையாக நிற்கும் கடைகளுக்கு நடுவே, ஆண்டு பொறித்த கடை தங்களுடையது ஒன்றாகவே இருக்கும்; நான் வாடிக்கையாளனாக இருந்தால் அதைத்தான் நினைவில் வைத்திருப்பேன்.

கேள்வி: நான் வாடகைக்கு எடுத்த கடையின் பக்கச் சுவரில், பலமுறை வெள்ளையடித்த பின்னரும், பழைய கடைக்காரரின் பெயர் மங்கலாகத் தெரிகிறது. 1980களில் ஊரைவிட்டுப் போனவர்கள் என்று அயலவர்கள் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் அதன்மேல் எண்ணெய்த் தீந்தை பூசச் சொல்கிறார். மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? – வாசகர், திருகோணமலை

பதில்: பூசுவதற்கு முன் ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். விடியற்காலையோ மாலையோ, வெயில் சுவரைச் சாய்வாகத் தழுவும் அரை மணி நேரத்தில் படம் எடுங்கள். தூரிகையின் தடிப்பு சிறு நிழல் போட்டு, உச்சி வெயிலில் காணாத எழுத்துகளும் எழும்பி நிற்கும். பின்னர் தெளிப்பானால் சுவரை மெதுவாக நனைத்து மீண்டும் எடுங்கள். ஈரத்தில் பழைய நிறங்கள் சற்று நேரம் கறுத்துத் தெளியும். அளவு தெரிய ஓர் அளவுநாடாவைச் சுவரோடு பிடித்து ஒரு படம், வீதியோடு சேர்த்துச் சுவர் முழுவதும் தெரிய ஒரு படம். சுரண்டிப் பார்க்காதீர்கள், அக்காலத் தீந்தைகளில் ஈயம் இருக்கக்கூடும், அதன் தூள் நஞ்சு.

மங்கிய எழுத்தின்மேல் புதிதாக எழுதி உயிர்ப்பிக்கவும் வேண்டாம். அது அந்தக் கையின் எழுத்தாக இராது. வீட்டுக்காரர் பூசியே ஆக வேண்டும் என்றால், எண்ணெய்த் தீந்தைக்குப் பதிலாகச் சுண்ணாம்பு பூசும்படி கேளுங்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், செலவும் குறைவு, காலப்போக்கில் அது தேயும்போது பெயர் மீண்டும் தெரியும். இதுவரை அத்தனை வெள்ளையடிப்புகளைக் கடந்து அது தெரிவதற்குக் காரணமும் அதுதான்.

படங்களில் ஒரு பிரதியை அயலவர்களிடம் கொடுத்து வையுங்கள். போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களில் யாரேனும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.